காதின் வயது

அந்தக் கண்ணாடி அறையைத் தூரத்தில் பார்த்தபோதே கனகா கூட்டத்தின் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். கூட வந்த பதினேழு பேருக்கும் அது வேடிக்கை. அவளுக்கு மட்டும் அது பதினெட்டு வருஷத்து வேலை போகிற வழி.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் கோதண்டபாணி முதலாளியின் பட்டறை ஆட்கள், ஆயுதபூஜை முடிந்த கையோடு ஒரு வேனைப் பிடித்து பெங்களூருவுக்குச் சுற்றுலா வந்திருந்தார்கள். காலையில் பூங்கா பார்த்தாயிற்று. அடுத்து இந்த அறிவியல் மியூசியம். சும்மா சொல்லக் கூடாது, பெரிய மியூசியம். நாலு மாடி. ஒரு மாடி முழுக்க எஞ்சின், ஒரு மாடி முழுக்கக் கரண்டு, மேலே ராக்கெட், அதற்கும் மேலே என்னென்னவோ. 'தொடாதீர்கள்' என்று மூன்று மொழியில் எழுதி வைத்திருந்தார்கள். மூன்றும் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே நம் ஆட்கள் எல்லாவற்றையும் தொட்டார்கள். தொட்டதோடு விட்டார்களா? தட்டினார்கள்.

தட்டுவது பீங்கான் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வியாதி. கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனால் பேசினைத் தட்டுவார்கள். டீக்கடையில் கப்பைத் தட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி கப்பை மூன்று தடவை தட்டி, மாப்பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று சம்பந்தமே நின்றுபோன கதையும் பேட்டையில் உண்டு.

தட்டாமல் அவர்களுக்குத் தொழில் இல்லை. கரண்டு கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான் இருக்கிறதே, இன்சுலேட்டர், அதுதான் அந்தப் பட்டறையின் சரக்கு. சூளையிலிருந்து வெந்து வருகிற ஒவ்வொன்றையும் இரண்டு விரலில் பிடித்து ஒரு சின்ன இரும்புக் குச்சியால் தட்ட வேண்டும். நல்லதாக இருந்தால் கணீரென்று மணி மாதிரி இழுக்கும். உள்ளே மயிரிழைக் கீறல் இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். செத்ததைக் கழித்துப் போட வேண்டும். போடாமல் விட்டால் அது கம்பத்தில் ஏறும், மழைத் தண்ணீர் கீறலில் இறங்கும், கம்பத்தைத் தொட்டவன் கதி அதோகதி. அந்தத் தட்டுகிற பெஞ்சு கனகாவுடையது. 'கனகா காது' என்றால் பேட்டையில் அத்தனை புகழ்.

அந்தக் காதுதான் இரண்டு வருஷமாக அவளைக் கைவிட்டிருந்தது.

சுத்தச் செவிடு என்று சொல்ல முடியாது. எதிரே நின்று பேசினால் கேட்கும், வாயைப் பார்த்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். மெல்லிசான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. முதலில் குக்கர் விசில் போனது. சோறு குழைந்து, புருஷன் மாயவனிடம் பேச்சு வாங்கினாள். அப்புறம் கண்டக்டர் விசில். அப்புறம் ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்து தட்டுகிறாள், எல்லாப் பீங்கானும் டொக் டொக் என்கிறது. சூளை கெட்டுவிட்டது என்று எல்லாவற்றையும் கழிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற அன்பரசி, "இன்னாக்கா, மணியாட்டம் கேக்குது, ஏன் கழிக்கிற?" என்றாள். கெட்டது சூளை இல்லை என்று அப்போதுதான் கனகாவுக்கு உறைத்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படி விடுவாள்? அதற்கு முந்தின வருஷம்தான் பூச்சு வேலை பார்த்த சொர்ணாம்பாளுக்குக் கண் மங்கியது. முதலாளியின் தங்கை மகன் பிரபாகரன்தான் பட்டறை மேனேஜர். அவன் சிரித்த முகமாக, "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்று ஒரு சால்வையைப் போர்த்தி, கைதட்டி அனுப்பிவைத்தான். மறுநாள் சொர்ணாம்பாள் பழக்கத்தில் வேலைக்கு வந்துவிட்டாள். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகும் வாயைத் திறக்க கனகா என்ன பைத்தியமா? நாற்பத்தாறு வயதில், தேய்ந்த முதுகெலும்போடு அவளால் மண் மூட்டை தூக்க முடியாது. பெஞ்சு போனால் கேட்டுதான்.

கை காப்பாற்றியது. நல்ல பீங்கானைத் தட்டினால் பிடித்திருக்கிற கட்டைவிரலின் நகத்தடியில் ஒரு சிலிர்ப்பு ஓடும். செத்தது சும்மா கிடக்கும். ஒரு வாரம் பயந்து பயந்து பழகினாள், அப்புறம் விரலே காதாகிவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் கருவேப்பிலங்குறிச்சியில் கம்பத்தில் உரசிய பசுமாடு ஒன்று அங்கேயே விழுந்து செத்தது. எந்த ஊர்ப் பீங்கானோ, யார் கண்டது! ஆனால் கனகா ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள்.

அவளுக்கு இருந்த ஒரே தைரியம் முதலாளி. தினமும் சாயங்காலம் கோதண்டபாணி பெஞ்சுக்கு வருவார். அவள் தேறிய சரக்கு என்று அடுக்கி வைத்ததிலிருந்து பத்து எடுப்பார். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துத் தட்டுவார். அவள் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். "பாஸ்" என்பார். நூற்றில் ஒன்று, அவளுக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்ததைச் சரியாகப் பிடித்துக் கழித்துவிடுவார். எழுபது வயதில் எப்பேர்ப்பட்ட காது! நம் கை தப்பினாலும் ஐயா காது தப்பாது என்று நினைத்துத்தான் அவள் ராத்திரி கண்ணை மூடினாள்.

இப்போது மூன்றாவது மாடியில், வாசலில் பெரிய காதுப் படம் போட்ட இந்தக் கண்ணாடி அறை.

அதன் பக்கத்தில் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்ற பெண் சண்முகப்ரியா, கிருஷ்ணகிரிக்காரி. தமிழ் ஆட்கள் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "உள்ள ஒக்காந்து ஹெட்போன் மாட்டிக்கணும். சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும். போகப் போக மெல்லிசாப் போகும். வெளியில இந்தத் திரையில சத்தம் வர்றப்ப பச்சைக் கோடு ஓடும், நீங்க எல்லாரும் பாக்கலாம். கடைசியில அவங்க காதுக்கு என்ன வயசுன்னு மிஷினே சொல்லிடும்" என்றாள்.

பிரபாகரனுக்குக் கேட்க வேண்டுமா? செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டான். "எல்லாரும் வரிசையா வாங்க! யார் காதுக்கு வயசு கம்மியோ, அவங்களுக்குத் திரும்பிப் போற வழியில வேப்பூர்ல பிரியாணி!"

அன்பரசிக்கு இருபத்தொன்பது வயது, காதுக்கு இருபத்தேழு என்றது மிஷின். பிரபாகரன் காதுக்கு முப்பது. மண் அரைக்கிற மில்லில் நிற்கிற கோவிந்தசாமிக்கு ஐம்பத்தொன்று, அவர் காதுக்கு எழுபது! "தாத்தா! தாத்தா!" என்று கத்திச் சிரித்தார்கள். கோவிந்தசாமியும் சிரித்தார். அவருக்கென்ன, மில்லில் நிற்பதற்குக் காது எதற்கு?

முதலாளி எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "மாமா, நீங்க வாங்க" என்றான் பிரபாகரன்.

"எனக்கு எதுக்குடா? முட்டி வலிக்குது."

"மிஷின காதுலதான மாட்டறாங்க, முட்டியிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டபாணி சிரிக்கவில்லை, கையை மட்டும் ஆட்டினார்.

"சரி, அப்ப நம்ம கம்பெனி காது வரட்டும். கனகாக்கா எங்க?"

கனகா அங்கே இல்லை. அதற்குள் அவள் இரண்டு படிக்கட்டு இறங்கிக் கரண்டு மாடிக்கு வந்துவிட்டாள். வயிற்று வலி என்று சொல்லலாம். தலைசுற்றல் என்று சொல்லலாம். வேனில் போய்ப் படுத்துக்கொள்ளலாம், ஆனால் வேன் எந்தத் தெருவில் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்! ஓர் ஓரத்தில் ஆள் உயரத்துக்குப் பெரிய இன்சுலேட்டர் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பீங்கான் சில்லென்று இருந்தது.

"யக்கா."

அன்பரசி. கனகா திரும்பி அவள் வாயைப் பார்த்தாள்.

"வாக்கா. அவரு வுட மாட்டாரு. நீ வரலன்னா அதான் பெரிய பேச்சா ஆயிடும்."

"வயிறு ஒரு மாதிரியா இருக்குதுடி."

"எங்கிட்டயே சொல்றியா? ஒன் பின்னாடி நின்னு எத்தன தடவ கூப்புட்டிருக்கேன், நீ திரும்பல. எனக்குத் தெரியும்க்கா."

இவளுக்கா தெரியும்? அந்த பெஞ்சை எனக்குக் குடுங்க சார் என்று இரண்டு வருஷமாகப் பிரபாகரனிடம் நச்சரித்துக்கொண்டிருக்கிறவள் இவள்தானே!

"தெரிஞ்சா போயிச் சொல்லேன். பெஞ்சு ஒனக்குத்தான்" என்றாள் கனகா. குரலில் கோபம் வந்துவிட்டது.

"சொல்றதா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன். ஒன்ன வெரட்டிட்டு அங்க ஒக்காந்தா எனக்குச் சோறு எறங்குமா?" அன்பரசி கிட்டே வந்தாள். "கேளு. உள்ள ஒக்காந்தா கண்ணாடி வழியா நாங்க தெரிவோம். நான் திரையப் பாத்துக்கிட்டே நிக்கறேன். கோடு ஓடறப்பெல்லாம் மூக்குத்தியத் தொடுவேன். நீ பட்டன அமுக்கு. ஈஸி."

ஈஸியாம். கனகாவுக்கு அவளை நம்புவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. நேரம் பார்த்து மூக்குத்தியைத் தொடாமல் விட்டாலும் போச்சு. ஆனால் வேறு வழி என்ன இருந்தது? "கனகாக்கா! கம்பெனி காது!" என்று பிரபாகரனே படியில் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

உள்ளே நாற்காலி குளிர்ந்திருந்தது. ஹெட்போனை மாட்டியதும் வெளியில் கேட்ட சத்தம் அறவே நின்றுபோனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினாறு வாய்கள் சிரித்தன, பிரபாகரனின் செல்போன் நெற்றிக்கு நேராக நின்றது. கனகா அன்பரசியின் மூக்கை மட்டும் பார்த்தாள்.

முதல் சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாவதும் கேட்டது. மூன்றாவது கேட்டதா, கேட்ட மாதிரி இருந்ததா? அன்பரசியின் விரல் மூக்குத்திக்குப் போனது. அமுக்கினாள். அதன் பிறகு காதில் ஒன்றும் இல்லை. விரல் ஏறும், அமுக்குவாள். இறங்கும், விடுவாள். வியர்வையில் பட்டன் வழுக்கியது. வெளியே முகங்கள் மாறின. சிரிப்பு நின்று வியப்பு வந்தது. கோவிந்தசாமி கைதட்டினார். பிரபாகரன் புருவத்தைத் தூக்கினான். அன்பரசியின் விரல் இன்னொரு தடவை ஏறியது, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. கனகா விடாமல் அமுக்கினாள். பிழைத்துவிட்டோம் என்றே நினைத்துவிட்டாள், பாவம்.

திடீரென்று எல்லா முகத்திலும் சிவப்பு வெளிச்சம் அடித்தது.

வெளியே வந்தபோது சண்முகப்ரியா சிரித்துக்கொண்டே விளக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன தெரியும், அவள் தினமும் சொல்கிற பாடம். "கடைசியில மூணு தடவை கோடு மட்டும்தான் சார் ஓடும், சத்தமே வராது. ஸ்கூல் பசங்க வெளியில நின்னு சைகை காட்டி ஏமாத்துவாங்க, அதைப் பிடிக்கத்தான் வச்சிருக்கோம். மேடம் அந்த மூணுக்கும் பட்டன் அமுக்கிட்டாங்க, அதான் மிஷின் வயசு சொல்லல."

அன்பரசியின் கை இன்னும் மூக்கிலேயே இருந்தது. பிரபாகரன் அந்தக் கையைப் பார்த்தான். கனகாவைப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

"திரைச்சீலை இருக்குதாங்க?" என்று சண்முகப்ரியாவிடம் கேட்டான். "இருந்தா போட்டுட்டு, இன்னொரு தடவ வைங்க."

"விளையாட்டுதானே சார்..."

"வைங்க."

கனகா மறுபடி உள்ளே போனாள். போகாமல் ஓடியா போக முடியும்? நீலத் திரைச்சீலை இறங்கி, கண்ணாடியை மூடியது. இரண்டு சத்தம் கேட்டது. அதன் பிறகு அவள் கட்டைவிரல் பட்டன் மேல் சும்மா கிடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவு திறந்தபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சண்முகப்ரியா குரலைத் தாழ்த்தி, "எழுபத்தெட்டு" என்றாள். அதையும் கனகா உதட்டில்தான் படித்தாள்.

மத்தியானம் கீழே கேண்டீனில் நாலைந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறை ஆட்களின் தட்டில் சோறு ஆறியது.

"எத்தன நாளா?" என்றான் பிரபாகரன்.

"ரெண்டு வருஷமா."

"மாமா, கேட்டீங்களா? ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா ஒரு செவிடு நம்ம சரக்குக்குப் பாஸ் போட்டிருக்குது!"

கனகாவுக்குச் சுர்ரென்று ஏறியது. சொர்ணாம்பாளுக்குப் போர்த்திய சால்வை கண்முன் வந்தது. இனி பயந்து என்ன ஆகப் போகிறது?

"ரெண்டு வருஷத்துல ஒரு பீஸு திரும்பி வந்துச்சா சார்? ஒண்ணே ஒண்ணு? சொல்லுங்க!"

"கம்பத்துல ஏறுனது எப்படித் திரும்பி வரும்? ஏதாவது உசுரு போனாத்தான் தெரியும்."

பசுமாடு. கனகாவின் கோபம் அப்படியே வடிந்துபோனது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இவன் சொல்வதில் என்ன தப்பு என்று அவளுக்கே தோன்றியது, அதுதான் கொடுமை.

"எனக்குக் கை தெரியும் சார்" என்றாள் மெதுவாக. "காது போச்சு, ஒத்துக்கறேன். ஏமாத்துனது தப்புதான். ஆனா கைக்குத் தெரியும்."

கோதண்டபாணி இப்போது நிமிர்ந்தார். "காட்டு" என்றார்.

பிரபாகரன் கவுண்டரில் போய், காலி பீங்கான் கப்புகள் ஒரு டஜன் தட்டில் வாங்கி வந்தான். அத்தனை இரைச்சலில் காதோரம் வைத்துத் தட்டினாலொழிய யாருக்கும் கேட்காது. கனகா ஒரு கப்பைக் கைப்பிடியில் பிடித்துத் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டினாள். நகத்தடியில் சிலிர்ப்பு ஓடியது. வைத்தாள். அடுத்தது. அடுத்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தும் கண்ணீர் நிற்கவில்லை. முந்தானையை மூக்கும் வாயும் மறைய முகத்தைச் சுற்றிச் செருகிக்கொண்டு தட்டினாள். ஒன்பதாவது கப்பு சும்மா கிடந்தது. இன்னொரு தடவை தட்டினாள். கல்லைத் தட்டின மாதிரி இருந்தது.

"இது செத்தது" என்று தனியே வைத்தாள்.

"மாமா, நீங்க பாருங்க" என்றான் பிரபாகரன். "ஒங்க காதுக்கு மேல யாரு இருக்கா? நீங்க சொல்லிட்டா முடிஞ்சுது."

கனகாவுக்கு உயிர் வந்தது. ஐயா காது தப்பாது.

கோதண்டபாணி அந்தக் கப்பைக் காதோரம் வைத்தார். கரண்டியால் தட்டினார். கனகாவின் முகத்தைப் பார்த்தார். அவள் முகம் பாதி முந்தானைக்குள் இருந்தது, மீதி கண்ணீரில் இருந்தது. மறுபடி தட்டினார். மறுபடி பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் எடுத்துக்கொண்டதே இல்லை.

"பாஸ்" என்றார். "நல்லாத்தான் இருக்குது."

"பாத்தீங்களா!" பிரபாகரன் மேசையைத் தட்டினான். "நல்ல கப்ப செத்ததுங்கறாங்க. கையாம், கை! திங்கக்கிழமை வந்து துணிமணி எதாவது இருந்தா எடுத்துக்கிட்டுப் போவலாம்க்கா. சால்வைக்கு நான் சொல்லிடறேன்."

கனகா அவனைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தாள். அவர் கப்பைப் பார்க்கவில்லை, கப்பைப் பற்றி நினைக்கவும் இல்லை. அவர் கண் அவள் முகத்திலேயே இருந்தது, சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி.

அடக் கடவுளே.

ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கண்முன் வந்தது. காதோரம் வைப்பார், தட்டுவார், முகத்தைப் பார்ப்பார். அவளுக்குச் சந்தேகமாக இருந்ததை அவர் சரியாகக் கழித்தாரே, எப்படி? அவள் முகம் சுளித்திருக்கும், அதைப் பார்த்துக் கழித்திருப்பார். அவர் காதை நம்பி அவள் தூங்கினாள். அவள் காதை நம்பி அவர் தூங்கினார். இரண்டு வருஷமாக அந்தப் பட்டறையிலிருந்து லாரி ஏறின சரக்குக்கு எந்தக் காதும் காவல் இருக்கவில்லை. கனகா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுங்க, நான் பாக்கறேன்" என்று அன்பரசி கையை நீட்டினாள்.

அன்பரசி கையில் போனால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். செத்த கப்பு என்று அவள் சொல்வாள். கனகாவின் வேலை பிழைக்கும். பதினேழு பேர் எதிரில் கோதண்டபாணியின் காது அம்பலமாகும். மாடியில் அந்தத் திரைச்சீலை இறங்கியபோது எப்படி இருந்தது என்று கனகாவுக்கு இன்னும் மறக்கவில்லை. அதை எதிரிக்கும் அவள் நினைக்க மாட்டாள்.

அன்பரசியின் கையை விலக்கிவிட்டுக் கப்பை அவளே எடுத்தாள்.

"ஐயா, இங்க ஒரே கூச்சலு. இதுல யாருக்குத்தான் காது கேக்கும்? கையில புடிச்சிப் பாருங்க."

அவர் விரல் இரண்டில் கப்பைத் தொங்கவிட்டாள். தட்டினாள். "ஒண்ணும் இல்ல பாருங்க." பிறகு இன்னொரு கப்பைத் தொங்கவிட்டுத் தட்டினாள்.

கோதண்டபாணியின் கை துணுக்குற்றது. கப்பைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். "இன்னொரு தடவ" என்றார். தட்டினாள். "இன்னொரு தடவ." கூட இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, முதலாளி ஏன் ஒரு கப்பைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறார் என்று. கனகாவுக்குப் புரிந்தது. தொலைந்துபோன சத்தம் விரலில் வந்து ஏறினால் எப்படி இருக்கும் என்று அவளை விட யாருக்குத் தெரியும்?

"கனகா சொன்னதுதான் சரி" என்றார். "இது செத்த கப்பு."

பிரபாகரன் வெடுக்கென்று அதைப் பிடுங்கித் தன் காதில் ஒட்டி வைத்துத் தட்டினான். தட்டியவன் அப்படியே மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

"திங்கக்கிழமை கனகா அதே பெஞ்சுல ஒக்காரும்" என்றார் கோதண்டபாணி. "பக்கத்துல அன்பரசி ஒக்காரட்டும். ஒரு கை, ஒரு காது. ரெண்டும் பாஸ் சொன்னாத்தான் லாரி ஏறணும். குடோன்ல இருக்கற சரக்கு மொத்தத்தயும் முதல்ல இருந்து தட்டுங்க."

"மொத்தத்தயுமா? நீங்கதான் சாயங்காலம் பாத்தீங்களே மாமா?"

கோதண்டபாணி மேசையில் கையை ஊன்றி எழுந்தார். முட்டி நிஜமாகவே வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். "மேல போவலாம் வா. அந்தப் பொட்டியில நானும் ஒக்காரணும்."

கனகா எழுந்து குறுக்கே வந்தாள். "வேணாங்கய்யா. யாரும் கேக்கல. யாருக்கும் தெரியாது."

அவர் அவளுக்கு நேராக முகத்தை வைத்து, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகப் பேசினார். அவளுக்குத் தெரிகிற மாதிரி.

"அந்தக் கருவேப்பிலங்குறிச்சி மாடு ஒன் தூக்கத்த மட்டும்தான் கெடுத்துச்சின்னு நெனச்சியா?"

மூன்றாவது மாடிக்கு லிப்டில் போனார்கள். சண்முகப்ரியா ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இந்த முறை பிரபாகரன் செல்போனை எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோதண்டபாணி பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. அவர் கண் பழக்கதோஷத்தில் கூட்டத்தில் கனகாவின் முகத்தைத் தேடியது, தேடிப் பிடித்தது.

கனகா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை அமுக்கிய பிறகு, அவர் கட்டைவிரல் கடைசி வரைக்கும் அசையவில்லை.